நாய்க்கு ஹைட்ரோதெரபி: மதுரைப் பக்கம் எந்த இடத்தை நம்பி விடலாம்?

விளாங்குடி_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு லேப்ரடாருக்கு 9 வயது முடிந்துவிட்டது. எடை 41 கிலோ. காலையில் எழும்போது முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தை இழுத்து இழுத்துத்தான் எழுகிறான். மாடிப்படி ஏறுவதை அவனாகவே விட்டுவிட்டான். எக்ஸ்ரே எடுத்ததில் இரண்டு பக்க இடுப்பு மூட்டும் தேய்ந்திருக்கிறது, பிறவியிலேயே மூட்டுக் கிண்ணம் ஆழம் குறைவு என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "எடையைக் குறைங்க, தண்ணியில நடக்க விட வழி இருந்தா நல்லது" என்றும் சொன்னார். ஹைட்ரோதெரபி என்கிற தண்ணீர்ப் பயிற்சியைத்தான் சொல்கிறார்.

நானே விசாரித்ததில் இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று ஊருக்கு வெளியே, நாய்களுக்கு முடிவெட்டிக் குளிப்பாட்டும் கடையோடு சேர்ந்த நீச்சல் குளம். போன் பண்ணியதும், "நாளைக்கே கூட்டிட்டு வாங்க மேடம், பத்து தடவைக்குச் சேர்த்துக் கட்டினா தள்ளுபடி" என்றார்கள். நாய்க்கு என்ன வயது, என்ன பிரச்சினை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னொன்று கோயம்புத்தூரில், தண்ணீர்த் தொட்டிக்குள் டிரெட்மில் வைத்திருக்கும் இடம். அவர்கள் எக்ஸ்ரேயும் டாக்டர் கடிதமும் நடை வீடியோவும் அனுப்பச் சொன்னார்கள்.

எதைப் பார்த்து ஓர் இடத்தை நம்புவது? நேரில் போனால் என்ன கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் விரிவாகவே சொல்லுங்கள், பொறுமையாகப் படிக்கிறேன்.

மேலூர்_தோட்டம்

டீச்சர், இதற்குப் போய் ஏன் கோயம்புத்தூர் வரைக்கும்? எங்கள் தோட்டத்தில் படி வைத்த கிணறு இருக்கிறது. பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டிருப்பதால் இப்போது நல்ல மட்டம். எங்கள் கோம்பை நாய் அதில்தான் நீந்தும். 11 வயதாகிறது, இன்னும் வரப்பில் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டி வாருங்கள், இடுப்பில் கயிறு கட்டி நான் பிடித்துக்கொள்கிறேன். காசெல்லாம் ஒன்றும் வேண்டாம்.

உசிலை_கால்நடை_மருத்துவர்

மேலூர்த் தம்பிக்கு நல்ல மனசு. ஆனால் கிணறோ குளமோ, அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது டீச்சரம்மா. நான் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். பின்னங்கால் தளர்ச்சி என்று வருகிற நாய்களுக்கெல்லாம் ஒரே காரணம் இருப்பதில்லை. இடுப்பு மூட்டுத் தேய்மானம் இருக்கலாம், முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கலாம், முதுகெலும்பு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தலாம். நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சலும் மூட்டு வலியாகத் தலைகாட்டும். லேப்ரடாருக்குத் தைராய்டு குறைபாடும் வரும். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். அதில் தேய்மானம் தெரிந்துவிட்டது என்பதற்காக, தளர்ச்சிக்கு அது ஒன்றே காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். பின்னங்காலின் நடு இரண்டு நகங்களையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நகத்தின் மேல்பக்கம் சாய்வாக உரசித் தேய்ந்திருந்தால், சில நேரம் அங்கே ரத்தக் கசிவும் இருக்கும், பாதத்தை மடித்து இழுத்து நடக்கிறது என்று பொருள். அது வெறும் மூட்டு வலி இல்லை, நரம்பையும் சோதிக்க வேண்டும். அப்புறம் அவன் குரைக்கிற சத்தத்தைக் கவனியுங்கள். முன்பைவிடக் கரகரப்பாகிவிட்டதா? சும்மா படுத்திருக்கும்போதே சத்தமாக மூச்சு இழுக்கிறானா? வயதான லேப்ரடாருக்குக் குரல்வளை செயலிழப்பது அதிகம். அப்படிப்பட்ட நாயால் மூச்சுப்பாதையைச் சரியாக மூட முடியாது. நீந்த விட்டால் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும்.

இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்தளவுத் தண்ணீர் நாலா பக்கமும் மார்பை அழுத்தும். நல்ல இதயம் தாங்கும், பழுதான இதயம் தாங்காது. காய்ச்சல், வாந்தி பேதி, ஆறாத புண், தோல் தொற்று, காதில் சீழ், அடங்காத வலிப்பு இதில் எது இருந்தாலும் தண்ணீர் வேண்டாம்.

படிப்பவர்கள் எல்லாருக்கும் இன்னொன்று. நேற்று வரை நடந்த நாய் திடீரென்று இரண்டு பின்னங்காலும் விழுந்து, சிறுநீரும் போகவில்லை என்றால் ஹைட்ரோதெரபி தேடிக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனை. முதுகு வட்டு எளிதில் பிதுங்கும் டாஷ்ஹவுண்ட் வளர்ப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருமங்கலம்_பிசியோ

டாக்டர் ஐயா சொன்னதற்கு மேல் நான் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் மனிதர்களுக்கான பிசியோதெரபி படித்து, பிறகு நாய்களுக்கான மறுவாழ்வுச் சிகிச்சையைத் தனியாகப் பயின்றவள். இப்போது வெளியூரில் வேலை.

தண்ணீரின் உயரம்தான் இங்கே மருந்தின் அளவு. 2010இல் வெளியான ஓர் அளவீட்டில், தண்ணீர் நாயின் கணுக்கால் வரை இருந்தபோது உடல் எடையில் 91 விழுக்காடு இன்னும் கால்களின் மேலேயே இருந்தது. முழங்கால் வரை ஏற்றியபோது 85. இடுப்பு வரை ஏற்றியதும் 38க்கு இறங்கியது. டீச்சரின் நாயை முழங்கால் தண்ணீரில் நடக்க விட்டால் கிட்டத்தட்ட 35 கிலோவைத் தூக்கிக்கொண்டுதான் நடப்பான். இடுப்பளவு வைத்தால் 15 கிலோ சொச்சம். ஒரு விரற்கடை தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் மூட்டுக்கு அது தெரியும். அதனால்தான் நல்ல டிரெட்மில் தொட்டிக்கு ஒரு பக்கமாவது கண்ணாடி வைத்திருப்பார்கள். சிகிச்சையாளர் பக்கவாட்டில் உட்கார்ந்து கால் விழும் விதத்தைப் பார்த்துக்கொண்டே மட்டத்தையும் வேகத்தையும் மாற்றுவார்.

நீச்சலும் டிரெட்மில்லும் ஒன்றில்லை. நீந்தும்போது நாய் காலை நன்றாக மடக்கும், பின்னால் முழுசாக நீட்டாது. டிரெட்மில்லில் பாதம் தரையை மிதிப்பதால் இடுப்பும் முழங்காலும் நீளும், நடையும் சீராகும். இடுப்பு மூட்டு தேய்ந்த நாய்க்கு நான் டிரெட்மில்லில்தான் தொடங்குவேன். நீச்சலில் முதுகு வளைந்து முன்னங்கால் மட்டும் அடித்துக்கொண்டு போகும் நாய்கள் நிறைய. பார்க்கிறவர்களுக்கு அழகாக நீந்துகிறது என்று தோன்றும், பின்பக்கம் ஒரு வேலையும் செய்திருக்காது.

தண்ணீரின் சூடு சாதாரணமாக 28 முதல் 32 டிகிரி செல்சியஸ். குளிர்ந்தால் தசை இறுகும். இதைவிடச் சூடானால், அதுவும் நம் ஊர் வெயிலில், நாய்க்கு உடம்புச் சூட்டை வெளியே விட வழி இருக்காது. நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும், நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. தொட்டி இருக்கும் அறையில் காற்றோட்டம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

டீச்சர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எந்த இடத்தை நம்புவது? உங்களிடம் முதலில் கேள்வி கேட்கிற இடத்தை. மருத்துவரின் கடிதம் எங்கே, எக்ஸ்ரே எங்கே, என்ன மாத்திரை போகிறது, கடைசியாக எப்போது சாப்பிட்டான், முன்பு யாரையாவது கடித்திருக்கிறானா என்று அவர்கள் கேட்க வேண்டும். கேட்காமல் கட்டணம் பேசுகிற இடத்தில் நாயை விடாதீர்கள். முதல் நாள் நாயைத் தரையில் நடக்க விட்டுப் பார்ப்பார்கள், தொடையின் சுற்றளவை டேப் வைத்து அளந்து எழுதுவார்கள், காது, தோல், விரலிடுக்கு எல்லாம் பார்ப்பார்கள். அன்றைக்குத் தண்ணீரில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. இரண்டு மூன்று நிமிடம் நடை, நிறுத்தி ஓய்வு, ஈறின் நிறம், மூச்சு, இதயத் துடிப்பு பார்த்து, மறுபடி கொஞ்சம் நடை. முதல் நாளே அரை மணி நேரம் நீந்த வைத்தோம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அங்கே போக வேண்டாம்.

சான்றிதழைக் கேளுங்கள், தயங்கவே வேண்டாம். பிரிட்டனில் நாய் ஹைட்ரோதெரபி செய்பவர்களுக்கென்று சங்கங்களும் பதிவேடும் உண்டு. கால்நடை மருத்துவர் பரிந்துரைக்காமல் அவர்கள் நாயைத் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். இங்கே குளம் கட்டி பலகை மாட்டிவிட்டால் ஹைட்ரோதெரபி என்று ஆகிவிடுகிறது. மேற்பார்வை செய்யும் கால்நடை மருத்துவர் யார், மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் அவருடைய பதிவு எண் என்ன, தண்ணீருக்குள் நாயோடு நிற்கப்போகிறவர் எங்கே என்ன படித்தார் என்று மூன்றையும் கேளுங்கள். நாய்களுக்கான மறுவாழ்வுச் சிகிச்சைக்கு அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகம் நடத்தும் சி.சி.ஆர்.பி. போன்ற சான்றிதழ் வைத்திருப்பவர்கள் இந்தியாவிலும் இருக்கிறார்கள். சான்றிதழ் சுவரில் ஒருவர் பெயரிலும், தண்ணீரில் வேறொரு பையனுமாக இருக்கக் கூடாது. இதை நேரில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ராஜபாளையம்_வெள்ளை

இழையைப் பின்தொடர்கிறேன். எங்கள் நாய்க்குக் காது கேட்காது, ராஜபாளையத்தில் பல நாய்களுக்கு உள்ளது போலத்தான். தண்ணீருக்குள் கூப்பிட்டாலும் திரும்பாது என்பதால் கை சைகை பழக்கியிருக்கிறோம். இப்படிப்பட்ட நாயைக் கொண்டுபோகிறவர்கள் சிகிச்சையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பைபாஸ்ரோடு_பக்

டீச்சர், எனக்கு நடந்ததை எழுதுகிறேன், நீங்கள் ஏமாறக் கூடாது.

எங்கள் பக் நாய்க்கு எடை குறைய வேண்டும் என்று ஒரு நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போனேன். ஊர், பெயர் வேண்டாம். ஒரே நேரத்தில் நாலு நாய் குளத்தில். தண்ணீருக்குள் ஆள் யாரும் இல்லை. கரையில் ஒரு பையன், நாயின் கழுத்துப் பட்டையில் கயிறு மாட்டி இழுத்துக்கொண்டே நடந்தான். லைஃப் ஜாக்கெட் கேட்டதற்கு, "எல்லா நாயும் தானா நீந்தும்க்கா" என்றான். பக்குக்குத் தலை கனம், மூக்கு சப்பை. மூக்கை மேலே தூக்கினால் பின்பக்கம் மூழ்குகிறது, பின்பக்கம் எழுந்தால் மூக்கு உள்ளே போகிறது. கொஞ்ச நேரத்திலேயே நாக்கு நீலம் பாரித்துவிட்டது. நானே சேலையோடு இறங்கித் தூக்கினேன். "பக்னா இப்படித்தான் மூச்சு வாங்கும்" என்றார் கடைக்காரர். மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

கட்டிய பணம் திரும்பவில்லை. அது போகட்டும். அந்தக் குளம் இன்றைக்கும் நடக்கிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திருமங்கலம்_பிசியோ

படிக்கவே நெஞ்சு பதறுகிறது அக்கா. நீங்கள் இறங்கியதால்தான் அவள் இருக்கிறாள்.

மற்றவர்களுக்காக ஒரு விஷயம். இப்படித் தண்ணீர் குடித்த நாய் கரையேறியதும் நன்றாக இருப்பது போலத் தெரியும். அன்று இரவு வரையும் மறுநாளும் கவனியுங்கள். இருமல், வேகமான மூச்சு வந்தால் நுரையீரலில் தண்ணீர் போயிருக்கலாம். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, எச்சில் வடித்து, தள்ளாடினால் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம். இரண்டுமே காத்திருக்கிற விஷயமில்லை.

பக், புல்டாக், பாக்ஸர் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு நீச்சலைவிட ஆழம் குறைந்த டிரெட்மில்தான் பாதுகாப்பு, அதுவும் முகத்துக்கு வெகு கீழே தண்ணீர் இருக்கும்படி. எந்த நாயானாலும் கயிறு கழுத்தில் இருக்கக் கூடாது. முதுகில் கைப்பிடி வைத்த லைஃப் ஜாக்கெட் அல்லது மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு நாய், தண்ணீருக்குள் ஓர் ஆள், கரையில் இன்னோர் ஆள்.

மேலூர்_தோட்டம்

அக்கா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் கிணற்றைப் பற்றி யாரும் நேராகப் பதில் சொல்லவில்லையே. கால்வாயிலும் கண்மாயிலும் நீந்தித்தான் எங்கள் பக்கத்து நாய் எல்லாம் வளர்கிறது. அதெல்லாம் தப்பா? சரி, கிணறு ஆழம் என்றால் பம்புசெட் தொட்டி இருக்கிறது, நெஞ்சளவுதான் வரும். அதற்குள் சாய்தளம் போட்டுத் தந்தால் ஆகுமா? கொத்தனார் எங்கள் மச்சான்தான்.

திருமங்கலம்_பிசியோ

நியாயமான கேள்வி தம்பி. உங்கள் கோம்பைக்கு அது தப்பே இல்லை. திடமான நாய், பழகிய இடம், களைத்தால் தானே படியேறி வந்துவிடும். டீச்சரின் நாய் களைக்கும்போது அவனை மேலே கொண்டுவரப் போவது அதே பின்னங்கால்தான். அது ஒத்துழைக்காது. 41 கிலோ நாயை ஈரப் படியில், பாசி வழுக்கும்போது, கயிற்றைப் பிடித்துத் தூக்க ஒருவரால் ஆகாது. இடுப்பில் கயிறு கட்டித் தூக்கினால் தேய்ந்த மூட்டும் வயிறும்தான் அந்த எடையை வாங்கும். கிணற்றில் நாய் கால் ஊன்றி நிற்க இடமில்லை என்பதையும் யோசியுங்கள். நடுவில் ஓய்வு என்பதே கிடையாது.

கண்மாய்த் தண்ணீர் விஷயம் வேறு. தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்தால் எலிக்காய்ச்சல், அது நாய்க்கும் வரும், அதைக் குளிப்பாட்டுகிற நமக்கும் வரும். வருடா வருடம் தடுப்பூசி போட்டிருந்தாலும் எல்லா வகைக் கிருமிக்கும் அது காப்பு இல்லை. கோடையில் தண்ணீர் வற்றி நீலப்பச்சைப் பாசி படர்ந்தால், அதைக் குடித்த நாய்க்குக் கல்லீரலோ நரம்போ பாதிக்கலாம். சேற்றுக்கு அடியில் உடைந்த பாட்டில் இருக்கும், ஆகாயத்தாமரை வேர் காலில் சிக்கும்.

பம்புசெட் தொட்டி யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. சாய்தளம் நீளமாக, மெல்ல இறங்க வேண்டும். மேலே ரப்பர் மேட் ஒட்டுங்கள், சிமெண்டுப் பரப்பு பாதத்தைத் தேய்த்துவிடும். பாசியை வாரா வாரம் பிரஷ் போட்டுத் தேயுங்கள். மோட்டார் ஓடும்போது நாய் உள்ளே இருக்கவே கூடாது, தண்ணீர் வந்து விழும் வேகம் போதும் அதைச் சாய்க்க. உரம், பூச்சி மருந்து கலந்த வாளியை அந்தத் தொட்டியில் அலசும் பழக்கம் இருந்தால் அந்தத் தொட்டி வேண்டாம். இப்படிச் செய்தால் திடமான நாய்களுக்கு நல்ல விளையாட்டு. ஆபரேஷன் ஆன நாய், நரம்புத் தளர்ச்சி உள்ள நாய், டீச்சரின் நாய், இவர்களுக்கு இன்னும் வேண்டாம். தேறி வந்தபிறகு மருத்துவர் சரி என்றால் பார்க்கலாம்.

வயரிங்_வில்லாபுரம்

நான் எலக்ட்ரீஷியன். நாய் வளர்க்கவில்லை, தங்கை அனுப்பியதால் படித்தேன். யாரும் பேசாத விஷயம் ஒன்று.

தண்ணீரைச் சூடாக்குகிறார்கள், பம்பு ஓட்டுகிறார்கள், குளத்துக்குள் லைட்டும் போடுகிறார்கள். எல்லாமே மின்சாரம். நாய் நனைந்த வெறுங்காலோடு நிற்கிறது, உங்கள் கை அதன் மேலே இருக்கிறது. நீங்கள் போகிற இடத்தில் மின் பலகையைக் காட்டச் சொல்லுங்கள். 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். அதில் 'டி' என்று ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். அதை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள், டப்பென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் வண்டியில் ஏறிவிடுங்கள். குளத்துக்குள் இருக்கும் விளக்கு 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். பக்கெட்டில் போடுகிற வாட்டர் ஹீட்டர் ராடைத் தொட்டியில் தொங்கவிட்டுத் தண்ணீர் சூடாக்கும் இடத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரை விரும்பும் நாய் திடீரென்று ஓரத்தில் காலைத் தூக்கிக்கொண்டு கத்தினால் பிடித்துத் தள்ளாதீர்கள். கசிவு இருந்தால் அதற்குத்தான் முதலில் உறைக்கும். மெயினை அணைத்துவிட்டு அப்புறம் பாருங்கள்.

உசிலை_கால்நடை_மருத்துவர்

வில்லாபுரம் தம்பிக்கு நன்றி. இத்தனை வருடத்தில் எனக்கே இது தோன்றியதில்லை.

செல்லூர்_தெருநாய்_நண்பர்கள்

எங்களுக்கும் ஒரு வழி சொல்லுங்கள். பைக் மோதி இடுப்பு எலும்பு உடைந்த தெருநாய் ஒன்றை வைத்திருக்கிறோம். ஆபரேஷன் தேவையில்லை, கூண்டு ஓய்வு போதும் என்று டாக்டர் சொல்லி, அந்தக் காலமும் முடிந்துவிட்டது. இப்போது நடக்க வைக்கச் சொல்கிறார். ஹைட்ரோதெரபிக்குக் கொடுக்கிற காசில் எங்களுக்கு இருபது நாய்க்குச் சோறு ஆகும்.

உசிலை_கால்நடை_மருத்துவர்

தண்ணீர் இல்லாமலும் தேறலாம் தம்பி. முதலில் தரையைச் சரி செய்யுங்கள். டைல்ஸ், மொசைக் தரையில் பின்னங்கால் அகன்று வழுக்கும். ஒவ்வொரு வழுக்கலும் தேறியதைத் திரும்பக் கெடுக்கும். சாக்கு, பழைய ரப்பர் மேட், யோகா பாய் எது கிடைத்தாலும் அது நடக்கும் வழியெல்லாம் விரியுங்கள். பெரிய துண்டை அடிவயிற்றுக்குக் கீழே, தொடைக்கு ஒட்டினாற்போல் கொடுத்து இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொள்ளுங்கள். தூக்க வேண்டாம், தள்ளாடும்போது தாங்கினால் போதும். ஆண் நாய் என்றால் துண்டு குறியை அழுத்தாமல் பாருங்கள்.

மெதுவாக நடப்பது முக்கியம். வேகமாகப் போனால் மூன்று காலில் தத்திப் போய்விடும், மெதுவாகப் போனால் நாலாவது காலையும் ஊன்றித்தான் ஆக வேண்டும். கொஞ்சம் தேறியதும் விளக்குமாற்றுக் கட்டைகளைத் தரையில் இடைவெளி விட்டுப் போட்டு ஒவ்வொன்றாகத் தாண்ட வையுங்கள். மணலில் நடப்பதும் நல்லது. மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

சிப்பிப்பாறை_திருமங்கலம்

எங்கள் சிப்பிப்பாறைக்கு முழங்கால் ஜவ்வு ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, புண் முழுசாக ஆறிய பிறகுதான் தண்ணீரில் விட்டார்கள். தையல் பிரிக்கவே 10 முதல் 14 நாள் ஆகும், அதற்கு முன் எவ்வளவு கெஞ்சினாலும் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது, இப்போது மரியாதையாக இருக்கிறது.

இந்த வகை நாய் வளர்ப்பவர்களுக்கு: கொழுப்பே இல்லாத உடம்பு, சட்டென்று குளிர்ந்துவிடும், எளிதில் மிதக்காது. மற்ற நாய்களுக்குப் போதுமான சூடு இவனுக்குப் போதவில்லை, நடுங்கினான். உடனே நிறுத்தி, அடுத்த முறை உடம்பை ஒட்டிய ஜாக்கெட் போட்டு, நேரத்தையும் குறைத்தார்கள். முதல் நாள் தண்ணீரே விடவில்லை. காய்ந்த தொட்டிக்குள் நிற்க வைத்து, அவித்த கோழித் துண்டு கொடுத்து, பெல்ட்டை மெல்ல ஓட்டி ஓட்டி நிறுத்தினார்கள். அடுத்த தடவை அவனே உள்ளே ஏறினான்.

இன்னொன்று, கழுத்தில் விடுகிற உண்ணி மருந்து போட்டிருந்தால் 48 மணி நேரமாவது தண்ணீரில் இறக்காதீர்கள். மருந்து கரைந்துவிடும், தொட்டித் தண்ணீரும் கெடும்.

விளாங்குடி_டீச்சர்

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நகத்தைப் பார்த்தேன் டாக்டர் ஐயா, மேல்பக்கத் தேய்மானம் இல்லை. குரல் மாறவில்லை. ஆனாலும் இதயத்தையும் தைராய்டையும் சோதிக்கச் சொல்லி எங்கள் டாக்டரிடம் கேட்டேன். இரண்டும் சரியாக இருக்கிறது, கடிதமும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

முதலில் சொன்ன குளத்துக்கு நாயை விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். உள்ளே நுழையும்போதே கண் எரியும் அளவுக்குக் குளோரின் வாடை. தண்ணீர்ப் பரிசோதனைக் குறிப்பேடு கேட்டால், "வாரம் ஒரு தடவை மாத்திடுவோம் மேடம்" என்றார்கள். இறங்க மூன்று டைல்ஸ் படி, சாய்தளம் கிடையாது. காதைச் சுற்றிச் சொறியோடு ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு குளத்தில் நீந்திக்கொண்டிருந்தது, அடுத்து இறங்க ஒரு குட்டி காத்திருந்தது. ஆர்.சி.சி.பி. பற்றிக் கேட்டதும் ஏதோ வருமான வரி ஆபீசர் என்று நினைத்துவிட்டார்கள் போல, பேச்சையே மாற்றிவிட்டார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

கோயம்புத்தூரில் நான் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. குறிப்பேட்டின் பக்கத்தைப் படமெடுத்தே அனுப்பினார்கள். ஒவ்வொரு நாளும் பலமுறை பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு), குளோரின், சூடு மூன்றும் எழுதி, கையெழுத்து போட்டிருக்கிறது. ஆனால் போக வர 400 கிலோமீட்டருக்கு மேல். வாரா வாரம் இவனைக் காரில் கொண்டுபோவது சரியா? அதுதான் என் குழப்பம்.

திருமங்கலம்_பிசியோ

டீச்சர், அந்த வாடை சுத்தத்தின் அடையாளம் இல்லை. குளோரின் முடி, எச்சில், மூத்திரத்தோடு சேர்ந்து குளோரமைன் ஆகும்போதுதான் அப்படிக் கண் எரியும். ஒழுங்காகப் பராமரிக்கும் தொட்டியில் பி.எச். 7.2 முதல் 7.8க்குள், குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் அளவில் இருக்கும், வாடை மெல்லியதாகத்தான் வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் கிருமி வேகமாகப் பெருகும். அதனால் வாரம் ஒருமுறை மாற்றுகிறோம் என்பது ஒரு பதிலே இல்லை. நாள்தோறும் அளந்து எழுத வேண்டும். நீங்கள் திரும்பி வந்தது சரி.

பயணத்தைப் பற்றி மனதில் பட்டதைச் சொல்கிறேன். தேய்ந்த இடுப்போடு வாரா வாரம் நாலைந்து மணி நேரம் காரில் போய், சில நிமிடம் தண்ணீரில் நடந்து, திரும்ப அதே தூரம் வந்தால் கிடைத்த பலன் வழியிலேயே கரைந்துவிடும். ஹைட்ரோதெரபிக்குத் தொடர்ச்சி வேண்டும், வாரம் ஒன்றிரண்டு முறை வீதம் பல வாரங்கள். முடியாதென்றால் ஒருமுறை போய் முழுசாகப் பரிசோதித்து, வீட்டில் செய்யும் பயிற்சியை எழுதி வாங்கி வந்தாலே உங்களுக்கு லாபம்தான்.

எடைதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய மருந்து. 2010இல் வந்த ஓர் ஆய்வில், மூட்டுத் தேய்மானம் உள்ள பருத்த நாய்கள் உடல் எடையில் 6 விழுக்காடு இழந்ததுமே நொண்டல் குறைந்தது. உங்கள் நாய்க்கு அது இரண்டரை கிலோ. 2002இல் வெளியான இன்னொன்றில் 48 லேப்ரடார்களைக் குட்டியில் இருந்து கடைசி வரை கவனித்தார்கள். கால் பங்கு குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் ஏறக்குறைய 2 வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானத்துக்கு வைத்தியமும் தாமதமாகவே தேவைப்பட்டது. சோற்றை அளந்து போடுங்கள். காபி நேரத்து பிஸ்கட்டை நிறுத்திவிட்டு வெள்ளரிக்காய், கேரட் கொடுங்கள். வீட்டில் யார் கைக்குக் கை ஊட்டுகிறார்கள் என்று கண்டுபிடியுங்கள், எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

விளாங்குடி_டீச்சர்

எங்கள் வீட்டில் அது மாமியார். பேசிப் பார்க்கிறேன்.

தங்கை கோயம்புத்தூரில் இருக்கிறாள். காலாண்டு விடுமுறையில் அங்கேயே தங்கி, அந்த நாட்களில் மூன்று நான்கு அமர்வு முடித்துக்கொண்டு, வீட்டுப் பயிற்சியையும் கற்றுக்கொண்டு வரலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அங்கே பேசியதில் அவர்களும் சரி என்றார்கள். முதல் நாள் என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

மேலூர்_தோட்டம்

டீச்சர், எடை பார்க்க ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், எங்கள் கமிஷன் கடையில் மூட்டை போடும் பிளாட்பார்ம் தராசு இருக்கிறது. மாதம் ஒருமுறை கூட்டி வந்தால் பார்த்துவிடலாம். சாய்தளத்துக்கு மச்சானிடம் சொல்லிவிட்டேன், ரப்பர் மேட் விலை விசாரிக்கிறேன்.

திருமங்கலம்_பிசியோ

நல்ல திட்டம் டீச்சர். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை முடிவு, டாக்டர் கடிதம், தடுப்பூசி அட்டை. அவனுடைய ஹார்னஸ், தடியான துண்டு இரண்டு மூன்று, பிடித்த விளையாட்டுச் சாமான். தண்ணீரில் இறங்கும்போது சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், குடிக்கத் தண்ணீர் கொடுக்கலாம். உள்ளே போகும் முன் வெளியில் நடத்தி மலம், சிறுநீர் இரண்டும் கழிக்க விடுங்கள். காலை நேரமே கேளுங்கள். கார் பயணம் செய்த அன்றைக்கே அமர்வு வைக்காமல், ஒரு நாள் ஓய்வு கொடுத்துத் தொடங்குங்கள். வழியில் திண்டுக்கல், தாராபுரம் என்று நிறுத்தி இறக்கி நடக்க விடுங்கள்.

முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, காது மடலின் உள்பக்கத்தையும் விரலிடுக்கையும் ஈரம் போக ஒற்றி எடுங்கள். லேப்ரடாருக்குக் காது தொங்குவதால் ஈரம் தங்கிச் சீழ் பிடிக்கும். எண்ணெய் எதுவும் விட வேண்டாம். அன்று முழுக்க நன்றாகத் தூங்குவான், அது இயல்புதான். மறுநாள் முன்பைவிட அதிகமாக நொண்டினால் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள், அடுத்த முறை நேரத்தைக் குறைப்பார்கள். கிளம்புவதற்கு முன் அவன் நடப்பதைப் பக்கவாட்டில் இருந்தும் பின்னால் இருந்தும் வீடியோ எடுத்து வையுங்கள், விடுமுறை முடிந்து வந்ததும் அதே இடத்தில் இன்னொன்று எடுத்து இங்கே போடுங்கள்.